மண்வள அட்டையில் மண்புழு எங்கே?

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ராஜஸ்தானிலுள்ள சூரத்கட் என்னும் ஊரில் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பின்னர் நாடெங்கும் குடியானவர்களின் வயல்களிலிருந்து மண் எடுத்துச் சோதித்து, முடிவை ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்து வருகிறார்கள். அந்த அட்டையில் 12 கணக்குகள் உண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்று சத்துக்கள் ஒன்பது. மண்ணின் கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம் என்று மற்றவை மூன்று. நிலத்தின் ஜாதகத்தையே குடியானவர் கையில் கொடுத்தது போன்றது இது. கண்ணை மூடிக்கொண்டு மூட்டை மூட்டையாக யூரியாவைக் கொட்டுவதைவிட, கணக்குப் பார்த்து உரமிடுவது எவ்வளவோ மேல். திட்டத்தைக் குறை கூற இடமில்லை.

ஆனால் ஜாதகத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. அந்த 12 கணக்குகளில் உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. தழைச்சத்து இத்தனை, துத்தநாகம் இத்தனை என்று சொல்லும் அட்டை, மண்புழு எத்தனை என்று சொல்வதில்லை. இத்தனைக்கும் மண்புழுவை எண்ணுவதற்கு ரசாயனச் சோதனைச் சாலை வேண்டியதில்லை. ஒரு மண்வெட்டி போதும். அட்டையில் 13-ஆவது வரியாக அதைச் சேர்க்க வேண்டும். ஏன் சேர்க்க வேண்டும் என்பதற்கு வேறெங்கும் போய்ச் சாட்சி தேட வேண்டாம். அந்தப் பிராணியின் உடம்பு அமைந்திருக்கும் விதமே சாட்சி.

மண்புழுவுக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. நாங்கூழ் என்பது பழைய பெயர். சித்த வைத்திய நூல்களில் அது பூநாகம். மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, 1891-ல் வெளியான அந்த நாடகத்தில் ஒரு பாத்திரத்தைக் கொண்டு நாங்கூழ்ப் புழுவின் ஓயாத உழைப்பைப் பாராட்டிப் பேச வைத்திருக்கிறார். ராஜகுமாரியின் கதையைச் சொல்லும் நாடகத்திலே ஒரு புழுவுக்கும் இடம் கொடுக்க அவருக்கு மனம் வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், 1881-ல், சார்லஸ் டார்வின் தமது கடைசிப் புத்தகத்தை வெளியிட்டார். மனிதனுடைய தோற்றத்தைப் பற்றி எழுதி உலகத்தையே கலக்கியவர், கடைசியாக எழுத எடுத்துக்கொண்ட விஷயம் மண்புழு. அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார்.

இந்தப் பெயர்களோடு ஒரு குழப்பமும் சேர்ந்து வந்திருக்கிறது. சில ஊர்களில் மண்புழுவையும் நாக்குப்பூச்சி என்கிறார்கள். குழந்தைகளின் வயிற்றில் உண்டாகும் புழுவையும் நாக்குப்பூச்சி என்கிறார்கள். இரண்டும் நீளமாக, வழவழவென்று இருப்பதனால் வந்த வினை. இந்த இரண்டுக்கும் உறவே கிடையாது. வயிற்றுப் புழுவின் உடம்பு ஒரே குழாய். அதில் வளையங்கள் இல்லை. மண்புழுவின் உடம்போ மோதிரங்களை வரிசையாகக் கோத்தது போல, வளையம் வளையமாக அமைந்தது. நாடாப்புழுவில் துண்டு துண்டாகத் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்தத் துண்டுகள் கழுத்தருகே புதிது புதிதாக முளைத்து, வாலருகே முற்றி உதிர்ந்து விடுபவை. மண்புழுவின் வளையங்கள் அப்படி உதிர்வதற்காக ஏற்பட்டவை அல்ல. எல்லாம் சேர்ந்துதான் ஓர் உடம்பு.

வளையமுள்ள இந்தக் குடும்பத்தை விலங்கு நூலில் வளைதசைப் புழுக்கள் என்று வகுத்திருக்கிறார்கள். 20,000-க்கு மேற்பட்ட இனங்கள் இதில் அடங்கும். மண்ணிலே மண்புழு, குளத்திலே அட்டை, கடலிலே, வளையத்துக்கு ஒரு ஜோடியாகப் பக்கவாட்டில் துடுப்புக்கால் முளைத்த புழுக்கள். மாடுகளைப் பற்றும் நம் ஊர்க் குளத்து அட்டைக்கு வளையங்கள் 33. பிறந்தது முதல் சாகும்வரை அந்தக் கணக்கு மாறாது. வெளியே பார்த்தால் நூறு இருப்பது போலத் தோன்றும். அவற்றில் பெரும்பாலானவை தோலின் வரிகள்தான். ஆக, மண்வள அட்டையில் மண்புழு இல்லாவிட்டாலும், பெயரளவில் அதன் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்!

இந்தியக் கல்லூரிகளில் விலங்கு நூல் படித்தவர்கள் மறக்க முடியாத மண்புழு ஒன்று உண்டு. பெரிடிமா என்று அவர்கள் படித்த அந்த இனம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம் வளரும். உடம்பில் 100 முதல் 120 வளையங்கள். எலும்பு கிடையாது. காலும் கிடையாது. கண்ணும் காதும் இல்லை. மண்ணைத் துளைக்க நகமோ பல்லோ இல்லை. மழவழப்பான சதையை மட்டும் வைத்துக்கொண்டு, மனிதன் கடப்பாரையால் குத்தும் மண்ணில் அது வழி செய்துகொண்டு போகிறது. எப்படி?

தண்ணீரை அடைத்த ரப்பர்ப் பையை ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கிறது. தண்ணீர் அழுந்திச் சிறுத்துப் போகாது. இடம் மாறத்தான் செய்யும். மண்புழுவின் தோலுக்கும் குடலுக்கும் நடுவே இப்படி ஒரு நீர் நிரம்பிய குழி இருக்கிறது. அந்தக் குழியை வளையத்துக்கு வளையம் ஒரு மெல்லிய இடைச்சுவர் தடுக்கிறது. தோலுக்கு உட்புறம் இரண்டு அடுக்குத் தசை. ஒன்று உடம்பைச் சுற்றி வளையமாக ஓடுவது. மற்றொன்று தலையிலிருந்து வால் பக்கமாக நீளவாட்டில் ஓடுவது. சுற்றுத் தசை சுருங்கினால், நீர் நெருக்கப்பட்டு அந்த வளையம் மெலிந்து நீளும். நீளத் தசை சுருங்கினால் அதே வளையம் குட்டையாகிப் பருக்கும். எலும்பு செய்யும் வேலையை இங்கே அடைபட்ட நீர் செய்கிறது.

இடைச்சுவர்கள் இல்லாமல் உடம்பு முழுவதும் ஒரே குழாயாக இருந்திருந்தால், ஓரிடத்தில் அழுத்திய அழுத்தம் உடம்பெங்கும் பரவி வீணாகும். சுவர்கள் இருப்பதனால் தலைப்பக்கத்துப் பத்து வளையங்கள் நீளும்போது, பின்னாலுள்ள பத்து வளையங்கள் பருத்து நிற்க முடிகிறது. நீண்ட பகுதி மண்ணிடுக்கில் ஊசி போல் நுழைகிறது. பருத்த பகுதி ஆப்பு போல் இறுகி, பின்னுக்கு வழுக்காமல் பிடித்துக்கொள்கிறது. அடுத்த கணம் நுழைந்த பகுதி பருத்து மண்ணை ஒதுக்குகிறது. பின்பகுதி மெலிந்து முன்னே இழுக்கப்படுகிறது. இப்படி ஓர் அலை தலையிலிருந்து வால்வரை ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிடிப்புக்கு இன்னொரு உபாயமும் உண்டு. வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக மண்புழுவை விரலால் தடவிப் பார்த்தால் லேசான சுரசுரப்புத் தட்டும். முதல் வளையம், கடைசி வளையம், நடுவில் பட்டையாகத் தெரியும் பகுதி ஆகியவை நீங்கலாக ஒவ்வொரு வளையத்திலும் நூற்றுக்கு முன்பின்னாக நுண்ணிய முட்கள் சுற்றிலும் பதிந்திருக்கின்றன. நினைத்தபோது நீட்டலாம், நினைத்தபோது உள்ளே இழுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மண்புழுவுக்கு ஒரு வளையத்தில் எட்டே முட்கள்தாம். வளையிலிருந்து புழுவை இழுக்கும் குருவிகள் பாதிப் புழுவோடு திரும்புவதற்குக் காரணம் இந்த முட்களே.

இனி உள்ளே. எட்டாவது வளையத்தில், கோழியின் வயிற்றில் தானியத்தை அரைக்கும் பை இருப்பது போல, கெட்டியான தசையால் ஆன ஓர் அரைவைப் பை. விழுங்கிய மண்ணும் மக்கிய சருகும் இங்கே மாவாகின்றன. அதற்குப் பின்னால் கடைசிவரை நீண்ட குடல். 26-ஆவது வளையத்திலிருந்து குடலின் கூரையில் ஒரு மடிப்புத் தொங்குகிறது. சத்தை உறிஞ்சும் பரப்பை அதிகப்படுத்த இயற்கை செய்த சிக்கனமான ஏற்பாடு. புழு எடுத்துக்கொள்வது கொஞ்சம். மீதியெல்லாம் நொறுங்கி, குடலின் நுண்ணுயிர்களோடும் சளியோடும் கலந்து, குருணை குருணையாக வெளியே வருகிறது. மழைக் காலத்து விடியற்காலையில் வரப்பிலே சின்னச் சின்னக் கோபுரங்களாகக் காணப்படுவது இதுதான்.

இரத்தம் சிவப்பு. மனித இரத்தத்திலுள்ள அதே வகைச் சிவப்புப் பொருள்தான். அணுக்களுக்குள் அடைபடாமல் இரத்த நீரிலேயே கரைந்திருக்கிறது என்பது வித்தியாசம். இரத்தத்தைத் தள்ள நான்கு ஜோடி இதயங்கள். ஆனால் நுரையீரல் ஒன்றுகூட இல்லை. சுவாசம் முழுவதும் தோல் வழியாகத்தான். தோல் ஈரமாக இருக்கும்வரை காற்று அதில் கரைந்து உள்ளே போகும். தோல் காய்ந்தால் புழுவுக்கு மூச்சு நின்றது என்று பொருள். மழை நாளில் வீதிக்கு வந்து, வெயில் ஏறியதும் சிமெண்டுத் தரையில் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதற்குக் காரணம் பசியோ காயமோ அல்ல; மூச்சுத் திணறல்.

இந்த இடத்தில் ஓர் இந்திய விஞ்ஞானியின் பெயரைச் சொல்லாமல் அப்பால் போகக்கூடாது. லட்சுமணபுரி என்று முன்பு எழுதி வந்த லக்னோ நகரின் பல்கலைக்கழகத்தில் விலங்கு நூல் பேராசிரியராக இருந்த கர்ம் நாராயண் பால், 1919-ல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அதுவரை மண்புழுவைப் பற்றிய பாடமெல்லாம் ஐரோப்பியப் புழுவை அறுத்துப் பார்த்து எழுதியவை. அந்தப் புழுவில், உடம்பின் கழிவு நீரை வடிக்கும் நுண்குழல்கள் வளையத்துக்கு ஒரு ஜோடியாக நின்று தோலின் வழியே வெளியே திறக்கின்றன. இந்தியப் புழுவை அறுத்துப் பார்த்த பாலுக்கு வேறு காட்சி தென்பட்டது. பெரிய ஜோடிக் குழல்களுக்குப் பதிலாக எண்ணற்ற சின்னஞ்சிறு குழல்கள். அவற்றில் ஒரு பகுதிதான் தோலில் திறந்தது. இடைச்சுவர்களில் ஒட்டியிருந்தவையும் தொண்டையருகே இருந்தவையும் குடலுக்குள்ளேயே திறந்தன. வெளியே போக வேண்டிய நீர், குடலுக்குள் விழுந்து, அங்கே மறுபடி உறிஞ்சப்படுகிறது. கொளுத்தும் வெயிலும் நீண்ட வறட்சியும் உள்ள நாட்டில், ஒரு சொட்டு நீரையும் வீணாக்காமல் இருக்க இந்த உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. இந்தப் புழுவைப் பற்றி அவர் 1926-ல் எழுதிய சிறு நூலைப் பல தலைமுறை மாணவர்கள் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள்.

அந்த மாணவர்களில் பலர் பிற்காலத்தில் வேளாண்மை அதிகாரிகளாகவும் உபாத்தியாயர்களாகவும் ஆனார்கள். எட்டாவது வளையத்தில் அரைவைப் பை என்று நெட்டுருப் போட்டதெல்லாம் பரீட்சையோடு போய்விட்டது போலும். "மண்புழு உழவனின் நண்பன்" என்ற வாசகம் மட்டும் பாடப் புத்தகத்தில் தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. நண்பன் எப்படி மூச்சு விடுகிறான் என்று வயலில் யாரும் கேட்பதாகக் காணோம்.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழுவாகும் என்ற நம்பிக்கையும் இதே தினுசு. கடப்பாரையும் கலப்பையும் போன இடமெல்லாம் புழு பெருகும் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள இது வசதியாக இருக்கிறது. உண்மை வேறு. முக்கிய உறுப்புக்களெல்லாம் முன்பக்கத்து இருபது வளையங்களுக்குள் அடங்கியிருக்கின்றன. வெட்டுப்பட்ட முன்துண்டில் போதிய நீளம் மிஞ்சினால், அது வாலை மெல்ல வளர்த்துக்கொள்ளக்கூடும். பின்துண்டு கொஞ்ச நேரம் துள்ளும். ஒவ்வொரு வளையத்திலும் தனித்தனி நரம்பு முடிச்சு இருப்பதனால் அந்தத் துள்ளல். பெரும்பாலும் அது செத்துத்தான் போகும். ஒன்று இரண்டாவதில்லை; அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்று ஒன்றாகவே மிஞ்சும்.

பெருக்கமும் அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. மண்புழுவில் ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். இருந்தாலும் இரண்டு புழுக்கள் சேர்ந்தே இனம் பெருக்குகின்றன. முதிர்ந்த புழுவின் உடம்பில் 14 முதல் 16 வரையுள்ள வளையங்களைச் சுற்றி, குதிரைக்குச் சேணம் பூட்டியது போல ஒரு பட்டை தெரியும். அந்தப் பட்டை பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து வளையல் செய்கிறது. புழு அதிலிருந்து பின்பக்கமாக நழுவுகிறது. நழுவும்போது வளையலுக்குள் முட்டைகளும் துணைப் புழுவிடம் பெற்ற வித்தும் சேர்கின்றன. கடைசியில் தலை வழியாகக் கழன்று விழும் வளையலின் இரண்டு வாயும் சுருங்கி மூடிக்கொள்ள, அது ஒரு சிறு கூடு ஆகிறது. பெரிடிமாவின் கூட்டில் முட்டைகள் பல இருந்தாலும், சாதாரணமாக ஒரே ஒரு குஞ்சுதான் வெளிவரும். ஒரு கோடையில் அழிந்த கூட்டத்தை அடுத்த மழையில் ஈடு கட்டிவிட இந்தக் கணக்கு இடம் கொடுக்காது.

இவ்வளவு மென்மையான பிராணி செய்யும் வேலையின் அளவை டார்வின் பொறுமையாக அளந்து பார்த்தார். 1842-ல் தமது வீட்டருகே ஒரு வயலில் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பி வைத்தார். 29 ஆண்டுகள் காத்திருந்து, 1871-ல் பள்ளம் தோண்டினார். மேலே பரப்பிய சுண்ணாம்பு ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகக் கிடந்தது. சுண்ணாம்பு தானாக இறங்கவில்லை. அடியிலுள்ள மண்ணைப் புழுக்கள் விழுங்கி மேலே கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அது கீழே போயிற்று. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடம்பு வழியாகப் புகுந்து மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க, அதைச் சட்டியில் வைத்துப் பியானோ வாசிக்கச் செய்த கதையும் அந்தப் புத்தகத்தில் உண்டு. பாட்டைப் புழு சட்டை செய்யவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்தபோது, அதிர்ச்சி தட்டி வளைக்குள் ஒளிந்துகொண்டது.

இப்போது வயலுக்கு வரலாம். கரும்பு வெட்டியதும் தோகைக்குத் தீ வைக்கிறார்கள். சில மணி நேரத்தில் வயல் சுத்தமாகிவிடுகிறது. ஆள் கூலி மிச்சம். ஆனால் புழுவுக்கு அந்தத் தோகைதான் கூரையும் சோறும். கூரை போனபின் வெறும் தரையில் வெயில் இறங்கி, மேல்மண் ஈரம் இழக்கிறது. குடலுக்குள்ளே நீரைத் திருப்பி விடும் அருமையான ஏற்பாடெல்லாம் சுட்ட செங்கல் போன்ற மண்ணில் என்ன செய்யும்? போதாக்குறைக்கு ரோட்டவேட்டர் வேறு. பழைய மரக் கலப்பை ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். பக்கத்திலுள்ள வளை தப்பிக்கும். சுழலும் கத்திகளோ மேல்மண்ணில் ஒரு சாணையும் விடுவதில்லை. வளைகள் ஒன்றுகூட மிஞ்சாது.

பூச்சி மருந்தின் கொடுமை வேறு விதம். ஓடும் செதிலும் இல்லாமல், மூச்சு விடுகிற தோலை அப்படியே மண்ணில் உராய்ந்துகொண்டு, அந்த மண்ணையே தின்று வாழும் பிராணி அது. மண்ணில் விழுந்த விஷம் இரண்டு வழியாலும் உள்ளே போகிறது. கார்பரில், கார்போஃபியூரான் போன்ற மருந்துகள் மண்புழுவுக்குக் கடும் விஷம் என்பது நீண்ட நாளாகத் தெரிந்த விஷயம். இவற்றில் கார்பரில் 2018-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. சில மருந்துகள் புழுவைக் கொல்லாமல் விட்டுவிடுவதும் உண்டு. அது இன்னும் ஆபத்து. அமெரிக்காவில் 1950-களில் எல்ம் மரங்களுக்கு டி.டி.டி. தெளித்தார்கள். உதிர்ந்த இலையை மண்புழு தின்றது. விஷம் அதன் உடம்பில் சேர்ந்து நின்றது. புழுவைத் தின்ற ராபின் குருவிகள் துடிதுடித்து மாண்டன. 1962-ல் ரேச்சல் கார்சன் எழுதிய புத்தகம் உலகத்தையே உலுக்கியதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

ரசாயன உரம் பட்டால் மண்புழு செத்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. அளவோடு இட்ட உரத்தால் பயிர் செழித்து, வேரும் தாளும் மண்ணில் மிஞ்சினால் புழுக்கள் பெருகுவதும் உண்டு. இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் பண்ணையில் 1856 முதல் நடந்துவரும் புல்வெளிச் சோதனை கெடுதல் எங்கே என்று காட்டுகிறது. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுக்கணக்காக இட்டு, அதனால் ஏறிய புளிப்பைச் சுண்ணாம்பால் ஆற்றாத பாத்திகளில் மண்புழு இல்லாமற் போயிற்று. மக்காத புல் மெத்தை போல மேலே தேங்கியது. மண்வள அட்டையின் கார அமில வரியும் புழுவும் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

"அதற்கென்ன, மண்புழுவை விலைக்கு வாங்கி விட்டுவிட்டால் போயிற்று" என்று சொல்வோரும் உண்டு. இங்கேதான் குடியானவர் பணத்தை இழக்கிறார். மண்புழு எல்லாம் ஒரே ஜாதி அல்ல. குப்பையிலும் சாணத்திலும் மேலாக வாழ்பவை ஒரு வகை. மண்ணையே தின்று மண்ணுக்குள்ளேயே வளை தோண்டி வாழ்பவை இன்னொரு வகை. ஆழமாக வளை வெட்டி, இரவில் மேலே வந்து சருகை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறவை மூன்றாவது வகை. மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கும் ஐசீனியா, குளிர்நாட்டிலிருந்து வந்தது. யூட்ரிலஸ், மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும் என்பதனால் வியாபாரத்துக்கு உகந்தவை. இரண்டும் குப்பைமேட்டு ஜாதி. சாணத்தொட்டியில் செழிக்கும் இவற்றைக் காய்ந்த கடலைக் காட்டில் கொண்டுபோய் விட்டால், அவை உழப்போவதில்லை. சில நாளில் மடிந்துவிடும். தொட்டியில் செய்த உரம் நல்ல உரம். அதை யாரும் மறுக்க வேண்டாம். வயலின் சொந்தப் புழுவுக்கு அது தீனியாகலாமே தவிர, புழுவுக்குப் பதிலாக முடியாது.

தென்னிந்திய மண்ணில் இயல்பாக உள்ள புழு லாம்பிடோ என்பது. பெயரின் பின்பாதியில் மொரீஷியஸ் தீவு ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது இந்தப் பக்கத்துப் பிராணிதான். சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழுவைத் தேடாமல் இந்த உள்ளூர்ப் புழுக்களைக் கொண்டே மண்ணைத் திருத்தலாம் என்று பல ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறார். அந்நியப் புழு எங்கு போனாலும் நன்மையே செய்யும் என்பதும் இல்லை. பனியுகத்தில் பனிப்பாறை மூடியிருந்த வட அமெரிக்கக் காடுகளில் மண்புழுவே கிடையாது. ஐரோப்பியர் குடியேறியபோது அவர்களோடு புழுக்களும் போயின. மின்னசோட்டா மாநிலக் காடுகளில் அவை சருகு மெத்தையைத் தின்று தீர்த்து, அதை நம்பியிருந்த சிறு செடிகளை அருகிப் போகச் செய்துவிட்டன.

ஆகவே வாங்கி விடுவது பரிகாரமல்ல. இருப்பதைக் காப்பதே வேலை. இருப்பது எவ்வளவு என்று தெரிந்தால்தானே காக்க முடியும்? அதற்குத்தான் 13-ஆவது வரி. இதற்கு அதிகாரிகள் சொல்லக்கூடிய ஆட்சேபம் தெரிந்ததே: புழு மழைக்கு மேலே வரும், வெயிலுக்குக் கீழே போகும், காலையில் ஒரு கணக்கு, மாலையில் ஒரு கணக்கு, சோதனைச் சாலைக்கு மண்ணை அனுப்பினால் புழு வராது. எல்லாம் வாஸ்தவம். அதனால்தான் ஒரு வயலை வேறொரு வயலோடு ஒப்பிட வேண்டாம் என்பது. அதே வயலில், அதே மாதத்தில், அதே மூலையில் ஆண்டுதோறும் எண்ணினால் ஏற்றமா இறக்கமா என்பது குடியானவருக்கே விளங்கிவிடும். நியூசிலாந்தில் மண்ணைக் கண்ணால் பார்த்து மதிப்பிடும் முறையில் மண்புழுக் கணக்கு ஓர் அங்கம். இங்கிலாந்தில் 2018-ல் ரோதாம்ஸ்டெட் விஞ்ஞானிகளின் யோசனைப்படி விவசாயிகளே தங்கள் வயலில் குழி தோண்டி எண்ணினார்கள்; அளவுக்கு மிஞ்சி உழுத நிலங்கள் எவை என்பது அந்தக் கணக்கிலே தெரிய வந்தது.

வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று தடவை பெய்து மண் நனைந்த கார்த்திகை மாதம் தமிழ்நாட்டுப் புஞ்சைக்குத் தோதான காலம். சேறு கலக்கி நீர் கட்டிய நஞ்சையில் எண்ண முடியாது. அங்கே வரப்பிலோ, நெல்லுக்குப்பின் விதைத்த உளுந்திலோ பார்க்கலாம். விடிந்து வெயில் ஏறுவதற்குள், ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு கட்டி மண் எடுத்துச் சாக்கில் கொட்டி, கையால் உதிர்த்து எண்ண வேண்டும். ஒரு வயலுக்கு இப்படி ஐந்து இடம். கிராமப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை விட்டால் அரை நாளில் ஊர் முழுவதையும் எண்ணிவிடுவார்கள். ஓடும் புழுவைப் பிடிப்பதில் அவர்களுக்குப் பெரியவர்களைவிடச் சாமர்த்தியம் அதிகம். எண்ணி முடித்ததும் புழுக்களைக் குழியிலே விட்டு, மண்ணைத் தள்ளி, மேலே ஒரு கைப்பிடி சருகு போட வேண்டும். தாமதித்தால் எண்ணியதெல்லாம் காக்கைக்குத்தான்.